அவள் மட்டும் திடுக்கிடவில்லை

உங்கள் வீட்டிலும் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தார்கள் என்று வண்டியில் வரும்போது சொன்னீர்களே, கேட்கச் சந்தோஷமாக இருந்தது சார். விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போகிற ஆளிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்ல எல்லாருக்கும் மனசு வராது. மூத்த மருமகள்தான் கொலைகாரி என்று உங்கள் மனைவி கடைசிவரை அடித்துச் சொன்னார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் நினைத்தது. அப்படி நினைக்க வைக்கத்தான் டைரக்டர் அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைய மையும் வாய் நிறைய வெடுக்கென்ற பேச்சும் கொடுத்திருந்தார்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் உங்களுக்கும் எழுத வசதி.

நான் தொழில்முறை நடிகன் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை. அலமாரிக் கதவு, குளியலறைக் கண்ணாடி, ஷோகேஸ், எல்லாம் அளவெடுத்து வெட்டிப் பொருத்துவோம். நடிப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிணமாகப் படுத்திருக்கிறேன். ஸ்ட்ரெச்சரின் பின்பக்கம் பிடித்திருக்கிறேன். கல்யாண வீட்டில் நாலாவது வரிசையில் சாப்பிட்டிருக்கிறேன். என் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

இந்தத் தொடரின் டைரக்டர் எங்கள் கடைக்கு வந்தது படப்பிடிப்பு வீட்டுக்கு ஒரு பெரிய கண்ணாடி வாங்க. அன்றைக்குப் பார்த்து என் கூட வேலை செய்கிறவர் ஒரு முழுத் தகட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். வயதில் என்னைவிடப் பெரியவர், பாவம். நான் திட்டவில்லை. திட்டுவது எனக்குப் பழக்கமே இல்லை. அவரைப் பார்த்துச் சிரித்தேன். துடைப்பம் வேண்டாம், தரை கீறிவிடும், கையாலேயே பொறுக்கி எடுங்கள் என்றேன். அவரும் உட்கார்ந்து கையாலேயே பொறுக்கினார். டைரக்டர் அதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம் வந்து, "உங்க முகத்துல ஒரு அமைதி இருக்கு. அது எனக்கு வேணும்" என்றார்.

அப்படித்தான் நான் 'தம்பி' ஆனேன்.

கதை உங்களுக்குத் தெரியும். பெரிய வீடு. வீட்டுப் பெரியவர் முதல் வாரத்திலேயே சாய்வு நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். யார் கொன்றது என்பதுதான் மீதி. நான் கடைசி மகன். ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பான். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுப்பான். எல்லாரும் அவனை ஏசுவார்கள், அவன் சிரிப்பான். அவ்வளவுதான் வேஷம். ஆனால் ஜனங்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள் சார். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள், கால் நிஜமாகவே ஊனம் என்று நினைத்து. நானும் அதைக் கெடுக்க வேண்டாமே என்று இறங்கும்போது கொஞ்சம் தாங்கி நடப்பேன். சலூனில் என் தலையைத் தொட்டு, "உங்களை ஏன் தம்பி அந்தக் கிழவன் அந்தத் திட்டுத் திட்டினான்?" என்று கண் கலங்கினார் முடி வெட்டுகிறவர். முன்பின் தெரியாத அம்மாக்கள் நடுத்தெருவில் என் கன்னத்தைத் தொட்டார்கள்.

என் மனைவிக்கு இதெல்லாம் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறாள். உட்கார்ந்தாள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் வலியை மறந்துவிட்டு, 'தம்பி உங்க வீட்டுக்காரராமே, வீட்டிலும் அப்படித்தானா, அவ்வளவு சாதுவா' என்று கேட்பார்களாம். அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது. அந்த வேலை எங்களுக்கு ரொம்ப உதவி. அவளுடைய முன்பற்களை டாக்டரே கட்டிக் கொடுத்தார். அடுத்த தடவையும் அவரே. எப்படி உடைந்தது என்று கேட்டு நச்சரிக்கிற ஆள் இல்லை. நல்ல மனிதர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடர் வரும்போது எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கூடத்தில் இருப்பார்கள். நடிகனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு ருசி. மாடிவீட்டம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் விளம்பரம் வரும்போதெல்லாம் வழக்கு விசாரிப்பார்.

"மருமக கையில தூக்க மாத்திரை டப்பா இருந்துச்சா இல்லையா? அப்ப வேற யாரு?"

"டப்பா டிரைவர் கையிலயும்தான் இருந்துச்சு சார்."

"டிரைவருக்கு என்னம்மா லாபம்? சொத்தா எழுதி வெக்கப் போறாங்க?"

"சொத்துக்காக மட்டும்தான் கொல்லுவாங்களா? ஏச்சு வாங்கினவன் கொல்ல மாட்டானா?"

"அப்படிப் பார்த்தா நம்ம தம்பிதான் கொன்னிருக்கணும்!"

இப்படிச் சொல்லிவிட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கட்டிய மனைவியிடமும் நான் மூச்சு விடவில்லை. அவள் டீ கொடுத்துவிட்டு வாசற்கதவை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு உட்காருவாள். யார் கொலைகாரன் என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவளும் வாயைத் திறந்ததில்லை.

கடைசி வாரம் வந்தது. கூடத்தில் உட்கார இடமில்லை. திரையில் நான் படியில் மெதுவாக ஏறி, பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரைச்சீலைக் கயிற்றை உருவுகிறேன். கேமரா என் முகத்துக்கு வருகிறது. அதே சிரிப்பு. அப்புறம் மாடிவீட்டம்மா 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், என் பக்கம் இருந்த பிள்ளையை. அத்தனை முகமும் பேயறைந்த மாதிரி. சார், ஒரு நடிகனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் டிவியைப் பார்க்கவில்லை. அவர்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியாக ஸ்டூலுக்கு வந்தேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள். ஒரு துண்டின் ஓரத்தை நீவி விட்டாள். மறுபடி மடித்தாள்.

அன்றைக்கே அவள் அக்கா போன் பண்ணினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு அவள் வருவது எனக்குச் சரிப்படாததால் வருவதில்லை, போனோடு சரி. எங்கள் வீட்டில் யார் போன் பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவோம். ஒளிவுமறைவு இல்லாத குடும்பம்.

"ஏய், நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சேடி! முதல் வாரமே சொன்னியே, இவருதான்னு! எப்படிடி கண்டுபிடிச்ச?" என்று சிரித்தாள் அக்கா.

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி பேச மாட்டேங்கிற? பக்கத்துல இருக்காரா?"

"அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

முதல் வாரம். டைரக்டரையும் என்னையும் எழுதினவரையும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம். மூத்த மருமகளாக நடித்த பெண்ணுக்கே தெரியாது. ஊரில் இத்தனை லட்சம் பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் கண்டுபிடிக்காததை, ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடித்த ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு ஆச்சரியம்தான். தெரிந்துகொள்ளலாமே என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"சும்மா தோணிச்சுங்க."

"சும்மா எப்படித் தோணும்?"

நான் கேள்வி கேட்டால் பதில் வருகிறவரை அவள் நின்றுகொண்டிருக்க வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்குக் கொஞ்ச நேரத்தில் கால் வலிக்கிறது என்றாள். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும்.

வெளியே என் நிலைமை தலைகீழாகிவிட்டது. அதை நீங்கள் பேப்பரிலேயே பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் ஒரு அம்மா, "பெத்த அப்பனைக் கொல்ல எப்படிடா மனசு வந்துச்சு?" என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தார். முடி வெட்டுகிறவர் என் கழுத்தில் கத்தியை வைக்காமலே துண்டை உருவிக்கொண்டு போகச் சொன்னார். குளியலறைக் கண்ணாடி பொருத்தப் போன வீட்டில் என்னைப் பார்த்ததும் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, வேறு ஆளை அனுப்புங்கள் என்றார்கள். கொஞ்ச நாளைக்குப் பின்கட்டிலேயே இருப்பா என்றார் முதலாளி. இதனால்தான் எனக்குப் புத்தி பேதலித்தது என்று என் வக்கீல் சொல்லப் போகிறாராம். நல்லவர்தான், ஆனால் விஷயம் புரியவில்லை. அறை வாங்கினபோது எனக்கு ஆனந்தமாக இருந்தது சார். அந்த அம்மா ஏமாந்திருக்கிறார். நல்லவன் என்று நம்பி ஏமாந்த கை அது. அவரிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தால், ஏமாறாத ஒருத்தி கதவைத் திறந்துவிடுகிறாள். அதுதான் எனக்கு வேப்பங்காயாக இருந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேருக்கும் லீவு. முதல் வாரத்து எபிசோடைப் போட்டு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ரிமோட்டை என் கையில் வைத்துக்கொண்டு, "எந்த இடம்னு காட்டு, போதும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். பெரியவர் விருந்தாளிகள் முன்னால் என்னை ஏசுகிற காட்சி வந்தது. டீ ஆறிப்போயிருக்கிறது என்று ஏசுவார். நான் சிரித்துக்கொண்டே கப்பை எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே போய் அதைக் கழுவுவேன், துடைப்பேன், மறுபடி கழுவுவேன்.

"இங்கதான்" என்றாள்.

நிறுத்தினேன். திரையில் என் முகம் நின்றது.

"இதுல என்ன இருக்கு?"

"அந்தச் சிரிப்பு."

"ஊருக்கே அந்தச் சிரிப்பு பிடிச்சிருந்துச்சு. குழந்தை மாதிரி இருக்குன்னு எழுதினாங்க."

"அவங்களுக்கு அதுக்கப்புறம் விளம்பரம் வந்துச்சு. எனக்கு அதுக்கப்புறம் என்ன வரும்னு தெரியும்."

அவள் குரல் உயரவில்லை. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேலே சொன்னாள்.

"நீங்க அதுல நடிக்கவே இல்லீங்க. கால் தாங்கி நடந்தீங்களே, அது மட்டும்தான் நடிப்பு. நான் அக்காகிட்ட சொன்னேன், இவர்தான்னு. அவ நம்பல. ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்கன்னுதான் நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் கூடத்துல எல்லாரும் அலறினாங்க பாருங்க, அப்பதான் எனக்குத் தைரியம் வந்துச்சு. உங்களைப் பார்த்தா மத்தவங்களும் பயப்படுவாங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

பிறகு அவள் எழுந்தாள். "அக்கா வந்துக்கிட்டு இருக்கா. வேலை செய்யற இடத்து போன்லேர்ந்து எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன். நான் போறேன்."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. மடித்த துணிகள். தொடர் முடிந்த வெள்ளிக்கிழமை என் கண்ணெதிரில் மடித்தாளே, அதே துணிகள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிமோட்டை மேசைமேல் வைத்தேன். டிவியை அணைக்கத் தோன்றவில்லை. பையை எடுக்க அவள் குனிந்தபோது பின்னால் போய் அவள் தலைமுடியைப் பிடித்தேன். சமையல் மேடையின் விளிம்பு கல். அதில் மோதினேன். கண்ணாடியில் சரியாகக் கீறல் போட்டுவிட்டால் ஒரு தட்டில் இரண்டாகிவிடும். மனுஷத் தலை அப்படி இல்லை. மறுபடி மோத வேண்டியிருந்தது. மறுபடியும். டாக்டர் கட்டிக் கொடுத்த பற்கள் அதில் போயின. அவள் கத்தவில்லை. கத்தினால் நேரம் கூடும் என்று அவளுக்குப் பழகியிருந்தது. கை மட்டும் மேடைமேல் எதையோ தேடியது. டம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது.

தரையில் விழுந்த பிறகும் மூச்சு இருந்தது. மல்லாக்கத் திருப்பி, கழுத்தில் கையை வைத்தேன். தொடரைப் பார்த்துச் செய்தான் என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். அது தப்பு. தொடரில் கயிறு. இங்கே வெறும் கை. அதில் பெரியவர் கண்மூடித் திறப்பதற்குள் செத்துவிடுவார். அதுவும் பொய். கை மரத்துப் போகிறது, விரலை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அவர்கள் குதிகாலால் தரையை உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். டைரக்டர் யாரையாவது கேட்டிருக்கலாம்.

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது, அதைக்கூடத் துடைத்துவிட்டேன், சரியாகப் பார்க்கட்டும் என்று. இப்போதாவது அந்த முகம் மாறும், நீங்களா, இப்படியா என்று ஒரு தடவையாவது விரியும் என்று காத்திருந்தேன். ஊரே அலறியதில் பாதி போதும் எனக்கு. அவள் என்னைப் பார்த்தாள் சார். வரவேண்டிய பஸ் வந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். அப்படியே கண் நின்றுவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு சட்டையை மாற்றினேன். அதற்குள் அவள் அக்கா கதவைத் தட்டிவிட்டாள். தனியாக வரவில்லை, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற இரண்டு ஆண்களோடு வந்திருந்தாள். கெட்டிக்காரி. தனியாக வந்திருந்தால் இந்த வாக்குமூலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கும். சமையலறை வாசலில் நின்று அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது முழு மனசோடு வந்த சத்தம். தங்கை அத்தனை சொல்லியும் அவள் பாதிதான் நம்பியிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு பேரும் என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். நான் திமிறவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து தங்கையின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். வேலை தெரிந்தவள், பிரயோசனமில்லை என்று தெரியும். ஆனாலும் நீங்கள் வருகிறவரை நிறுத்தவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். சுயபுத்தியோடு, பட்டப்பகலில், என் இரண்டு கையால். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மனசில் உறுத்துகிறது. நீங்கள் என்னைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தபோது கட்டடமே படியில் நின்றது, பார்த்திருப்பீர்கள். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். மாடிவீட்டம்மா மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். "இத்தனை வருஷமா மேல இருந்து கேட்டுக்கிட்டே இருந்தோமே. ஒரு நாளாவது கதவைத் தட்டியிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவருக்கு அதிர்ச்சியில் எல்லாம் குழம்பிவிட்டது. தொடர் ஓடியதே எட்டு மாதம்தான் சார், வருஷக்கணக்கில் மேலே என்ன கேட்டிருக்க முடியும்? கதை எது, வீடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத ஜனங்கள். அவர்களிடம் போய் ஒரு மனுஷன் நல்ல பெயர் வாங்குவது ரொம்பக் கஷ்டம்.